கடல் செய்த குறைகள்

குமரிக்கு வருவோர் அங்கே தங்க இடம் தேடுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூல் குமரித் துறையைப் பற்றிப் பேசுகிறது. எஞ்சிய வாழ்நாளை நோன்புக்கு அர்ப்பணிக்க விரும்பும் ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடித் தங்குகிறார்கள் என்றும், பெண் தெய்வம் ஒருத்தி முன்னொரு காலத்தில் அங்கே தங்கி நீராடினாள் என்று சொல்லப்படுகிறது என்றும் அந்நூல் குறிக்கிறது. காசியிலிருந்து குமரியாட வந்த சாலி என்னும் பெண்ணின் வரலாற்றை மணிமேகலை கூறுகிறது. அவர்களெல்லாம் எங்கே தங்கினார்கள், கூரை ஒழுகியதா, குடிநீர் உவர்த்ததா என்பதை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை. வந்த காரியம் பெரிதாக இருந்ததால், தங்கிய இடம் கணக்கில் ஏறவில்லை போலும்.

இன்று சத்திரங்களின் இடத்தைத் தங்கும் விடுதிகள் பிடித்துக்கொண்டன. கன்னியாகுமரியில் அவை மூன்று தரமாக உள்ளன. ஒன்று, பாயும் மின்விசிறியும் மட்டுமே உள்ள எளிய அறைகள். மற்றொன்று, வாசலில் சீருடைக் காவலர் நிற்கும் பெரிய விடுதிகள். இவை இரண்டிற்கும் நடுவே, நடுத்தரக் குடும்பங்கள் யோசித்து யோசித்துப் பதிவு செய்யும் விடுதிகள் உண்டு. நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான வாடகை. கடலைப் பார்த்த பால்கனி. கதிரவன் எழுவதைக் காண மொட்டைமாடிக்குச் செல்ல அனுமதி. விடியுமுன் அறைக் கதவைத் தட்டி எழுப்பும் பணியாளர். இவ்வளவும் இருக்கும், இவற்றோடு குறைகளும் இருக்கும். அழகும் குறையும் ஒரே சாவிக் கொத்தில் கோத்துக் கொடுக்கப்படும் இடங்கள் இவை.

அத்தகைய விடுதி ஒன்றிற்கு ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு தை மாதத்தில் வந்து சேர்ந்தது. தந்தை கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்க்கு முழங்கால் வலி. மகளுக்கு முப்பது வயது நிறைந்திருந்தது. நிச்சயம் செய்து, மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அச்சாகி வந்தபின், மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொண்டனர். மண்டபக்காரர் பிடித்தம் போக மீதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பணத்தை வேறு எதிலும் சேர்க்காமல் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த தாய், “இதைக் கொண்டு போய்க் குமரியம்மன் சந்நிதியில் நின்று வருவோம்” என்றார். அந்தப் பணத்தில்தான் விடுதி பதிவாயிற்று. இரண்டு இரவுகள், மூன்றாவது மாடியில் கடல் பார்த்த அறை.

இரவு ரயிலில் நாகர்கோவில் வந்து, பேருந்து ஏறிக் கடற்கரை சேர்ந்தபோது, முதலில் கண்ணில் பட்டது ‘லிப்ட் பழுது’ என்று எழுதி ஒட்டிய காகிதம். தாய் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறினார். அறையைத் திறந்ததும் உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. தூரத்தில் விவேகானந்தர் பாறை, அதன் அருகே 133 அடி உயரத்தில் திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம், கரையோரம் படகுகள். காண வேண்டிய காட்சிதான். ஆனால் அக்காட்சியின் வலப்புறத்தை அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொண்டிருந்தது.

தந்தை பெட்டியைக் கூடத் திறக்கவில்லை. நாட்குறிப்பை எடுத்து வரிசை எண்ணிட்டு எழுதத் தொடங்கினார். குழாயில் உவர்நீர். ஷவர் துளைகளில் வெள்ளைப் படிவு; பாதித் துளைகளில் நீர் வருவதில்லை. பால்கனிக் கதவு பருத்துச் சட்டத்தில் சிக்குகிறது. பால்கனிக் கம்பியில் துரு. படுக்கை விரிப்பில் ஈரப்பதம். சன்னல் கண்ணாடியில் உப்புப் படலம். குளியலறைச் சுவரில் பூச்சு உப்பி உதிர்கிறது. குளிர்சாதனப் பெட்டி இரைகிறது, குளிர் போதவில்லை. தலையணை உறையில் கறை. வெந்நீர் காலை 7 மணி வரை உண்டு என்று எழுதியிருக்கிறது, ஆறரைக்கே நின்றுவிட்டது. லிப்ட் பழுது என்பதைப் பதிவு செய்யும்போது சொல்லவில்லை. கடல் பார்த்த அறை என்றார்கள்; பாதிக் கடல்தான் தெரிகிறது. ஆகப் பன்னிரண்டு.

எழுதி முடித்ததும் அவர் குரல் உயர்ந்தது. “பணத்தை எண்ணி வாங்கத் தெரியுது, வாங்கின பணத்துக்கு நேர்மையா நடக்கத் தெரியலை” என்றார். அது விடுதிக்காரருக்கு மட்டும் சொன்ன சொல் அன்று என்பது அறையிலிருந்த மூவருக்கும் தெரிந்தது. தாய் மெல்ல, “ஏனுங்க, மொதல்ல உட்காருங்க” என்றார். அந்த வீட்டில் சில வாரங்களாகவே யாரும் திருமணப் பேச்சை எடுப்பதில்லை. பேச முடியாத குறையைச் சுமப்பவருக்குப் பேசக்கூடிய குறைகள் கிடைத்துவிட்டால், அவற்றின் மீது எல்லாக் கோபமும் இறங்கிவிடுகிறது.

அப்போது கதவு தட்டப்பட்டது. விடுதியின் பழைய பணியாளர் ஒருவர், ஒரு கையில் வாளி நிறைய நீரும் மறுகையில் ஒரு நாற்காலியுமாக நின்றார். “குழாய்த் தண்ணி உப்பு பார்த்துக்கிடுங்க. கடைசியா ஊத்திக்க இது நல்ல தண்ணி” என்று வாளியை வைத்தார். நாற்காலி எதற்கென்று மகள் கேட்டாள். “அம்மா மாடி ஏறி வந்ததப் பார்த்தேன் மக்களே. ரெண்டாவது மாடித் திருப்பத்துல போட்டு வைக்கேன். ஏறும்போது உட்கார்ந்துட்டு வரட்டும்” என்றார். பெற்ற பிள்ளையை ‘மக்களே’ என்று வாஞ்சையோடு விளிப்பது அம்மாவட்டத்தின் வழக்கம். முன்பின் அறியாத ஒருவர் வாயிலிருந்து அச்சொல்லைக் கேட்ட மகள் சிறிது நேரம் பேசவில்லை.

துருப்பிடித்த கம்பியைக் காட்டித் தந்தை கேட்டார். பணியாளர் சலிப்பின்றி விளக்கினார். ஆண்டுதோறும் வண்ணம் அடித்தாலும் துரு திரும்ப வருகிறது. தாழ்ப்பாள்களுக்கும் கீல்களுக்கும் எண்ணெய் விடுவது தம் அன்றாட வேலை. கண்ணாடியைக் காலையில் நல்ல நீரால் துடைத்தால் மாலைக்குள் மறுபடியும் படலம் படிந்துவிடும். “கடலு சும்மா இருக்காது ஐயா. நாங்க துடைக்கோம், அது பூசுது” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கடற்காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்புத் துகள், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த ஈரம் காயாத இரும்பில் துரு விரைந்து பரவும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கக்கூடியது. ஆகவே கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறினால், அது பருத்து மேற்பூச்சைப் பிளந்து தள்ளும். மரக்கதவு ஈரத்தைக் குடித்துப் புடைக்கும். கரையோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் சோப்பு நுரைக்காது. அந்நீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு நிற்கும். துவைத்துக் காயவைத்த விரிப்பும் இரவுக் காற்றில் ஈரம் ஏறியே இருக்கும். குளிர்சாதனக் கருவியின் வெளிப்பகுதியில் உள்ள அலுமினியத் தகடுகளையும் உப்பு அரிக்கும். எந்தக் கடலைக் காண்பதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்கப்படுகிறதோ, அந்தக் கடலே இவற்றையெல்லாம் செய்கிறது.

பணியாளர் சென்றபின் மகள் நாட்குறிப்பைக் கையில் வாங்கினாள். “அப்பா, இதுல கடல் செஞ்சது எது, மனுசங்க செஞ்சது எதுன்னு பிரிச்சுப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். தணிக்கையாளருக்கு அது ஏற்புடைய கேள்வி. இரண்டு பத்திகள் பிரிக்கப்பட்டன. உவர்நீர், ஷவர், கதவு, கம்பி, விரிப்பின் ஈரம், கண்ணாடி, சுவர் என ஏழு குறைகள் கடலின் பத்தியில் ஏறின. தலையணை உறை, வெந்நீர், லிப்ட் பற்றிச் சொல்லாமை, பாதிக் கடலை முழுக்கடலாகச் சொன்னது என நான்கு, மனிதரின் பத்தியில் ஏறின. குளிர்சாதனப் பெட்டியை எங்கே எழுதுவது என்பதில் சிறு வாதம் எழுந்தது. அரித்தது கடல், பழுது பார்க்காதது மனிதர். இருவர் கணக்கிலும் பாதி பாதியாக எழுதினார் தந்தை. அன்று அவர் முகத்தில் முதல் முறையாகச் சிறிது சிரிப்புத் தோன்றியது.

மாலையில் மூவரும் பகவதி அம்மன் கோயிலுக்குச் சென்றனர். விடுதியிலிருந்து நடக்கும் தூரம்தான். கடலைப் பார்த்த கிழக்கு வாசல் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே திறக்கப்படுவது. மற்ற நாட்களில் வடக்கு வாசல் வழியாகவே செல்ல வேண்டும். அன்னையின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் திசை மாறி வந்து பாறையில் மோதியதாகவும், அதனாலேயே கிழக்கு வாசல் அடைக்கப்பட்டதாகவும் ஊரார் கூறுவர். ஆண்கள் மேலாடை களைந்து உட்செல்வது அங்கு மரபு.

திருக்கோயில் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. கன்னியொருத்தியால் அன்றி வேறு எவராலும் அழிவில்லை என வரம் பெற்ற பாணாசுரன் உலகை வருத்தினான். அவனை அழிக்கப் பராசக்தி கன்னியாகத் தோன்றிக் குமரித் துறையில் தவமிருந்தாள். சுசீந்திரத்து ஈசன் அவளை மணக்க விரும்பினார். நள்ளிரவு முகூர்த்தம் குறிக்கப்பட்டது. திருமணம் நிகழ்ந்தால் அசுரன் அழியமாட்டான் என அஞ்சிய தேவர்களுக்காக நாரதர் சேவலாகிக் கூவினார். பொழுது விடிந்தது, முகூர்த்தம் தவறியது என்று எண்ணிய ஈசன் வழுக்கம்பாறையிலிருந்து சுசீந்திரத்திற்கே திரும்பினார். விருந்துக்கென ஆக்கி வைத்த அரிசியும் பிற பண்டங்களும் மணலாயின என்பது ஐதிகம். அரிசி நொய் போன்ற வெண்மணலும் செந்நிற, கருநிற மணலும் அக்கரையில் இன்றும் காணப்படுகின்றன. அந்நிறங்களுக்குக் கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்களே காரணம் என்று நிலவியல் கூறும். பக்தர் கண்ணுக்கோ அது நின்றுபோன ஒரு திருமணத்தின் விருந்து.

சந்நிதியில் அன்னை கையில் ஜபமாலையுடன் நின்ற திருக்கோலத்தில் காட்சி தந்தாள். விளக்கொளியில் மூக்குத்தி மின்னிற்று. தாய் கண்களை மூடி உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. மகள் கண்களை மூடவில்லை. இமைக்காமல் அன்னையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிராகாரத்தில் அமர்ந்தபோது அவள் தாயிடம் கேட்டாள்: “அம்மா, இவளோட கல்யாணம் நின்னு போச்சே, யாராவது இவளைக் குறை சொன்னாங்களா?”

தாய் திகைத்தார். “என்ன கண்ணு இப்படிக் கேட்கறே? சாமியை யார் குறை சொல்லுவாங்க?”

“நம்ம சொந்தக்காரங்க என்னைத்தான் சொல்றாங்க. படிப்பு அதிகம், சம்பளம் அதிகம், ஜாதகம் சரியில்லைன்னு. நீங்களும் அப்பாவும் பதில் சொல்லாம தலை குனிஞ்சுக்கறீங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. கல்யாணம் நின்னது கூட இல்லீங்கம்மா.”

தந்தை அருகில்தான் அமர்ந்திருந்தார். நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, “இது உன் பத்தியில வராது சாமி” என்றார். தணிக்கையாளரிடமிருந்து வந்த அந்த ஒரு வரி, மகளுக்கு அருச்சனைத் தட்டிலிருந்து கிடைத்த பிரசாதத்துக்கு நிகராக இருந்தது. இனி உறவினர் முன் தாம் தலை குனியப் போவதில்லை என்பதையும் அந்த வரியிலேயே அவர் சொல்லிவிட்டார்.

சேவல் கூவியதற்கு மணமகள் பொறுப்பில்லை. குமரித்தலத்தின் வரலாறு அவளைப் பழிக்கவுமில்லை. மாறாக, திருமணம் நின்ற அந்த இரவுக்குப் பின்னரே அவள் அசுரனை அழித்து உலகைக் காத்தாள் என்கிறது. விருந்து மணலாகிவிட்டதே என்று அவள் கடற்கரையை விட்டுப் போய்விடவும் இல்லை. அங்கேயே நின்று, கரை தேடி வருவோர்க்கெல்லாம் அருள்கிறாள்.

மறுநாள் காலை, தந்தை விடுதி மேலாளரிடம் சென்றார். பன்னிரண்டையும் சொல்லவில்லை. மனிதர் பத்தியில் இருந்த நான்கையும், பாதிக் கணக்கான குளிர்சாதனப் பெட்டியையும் மட்டும், குரலை உயர்த்தாமல் வரிசையாகச் சொன்னார். மேலாளர் இளைஞர். முதலில் தற்காப்பாகப் பேச வாயெடுத்தவர், எதிரிலிருப்பவர் கோபப்படவில்லை என்று கண்டதும் குறித்துக்கொண்டார். தலையணை உறைகள் உடனே மாறின. வெந்நீர் நேரம் திருத்தி எழுதப்பட்டது. லிப்டுக்கு உதிரிபாகம் வரவேண்டியிருப்பதால் அன்று சரியாகாது என்றார். அதற்குப் பதிலாக முதல் மாடியில் தெருவைப் பார்த்த அறை ஒன்றைத் தருவதாகவும், வாடகை வேறுபாட்டைக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்ப்பவர் மாலையில் வந்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பாதிக் கணக்குக்குப் பாதித் தீர்வு.

முதல் மாடிக்கு மாறுவதா என்று தாயிடம் கேட்டார்கள். அவர் மூன்றாவது மாடியிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். “திருப்பத்துல நாற்காலி இருக்குது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கறேன். மேல போனா கடல் தெரியுது. கீழ போனா என்ன தெரியும்?” என்பது அவர் வாதம். அன்று மாலை மகள் நனைந்த துணியால் சன்னல் கண்ணாடியைத் தானே துடைத்தாள். மறுநாள் விடியலுக்குள் மறுபடியும் படலம் படிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் குறிப்பு எழுதவில்லை.

புறப்படும்போது தந்தை வருகையாளர் பதிவேட்டில் இரண்டு பத்தி எழுதினார். முதல் பத்தியில் நான்கு குறைகள். இரண்டாம் பத்தியில், கேட்காமல் வந்த ஒரு வாளி நல்ல நீரும் படித் திருப்பத்தில் போட்ட நாற்காலியும். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு நேராகும் என்று அவர் கருதினார்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னர் திருமணம் நிகழ்ந்ததா என்று கேட்கத் தோன்றும். அது அம்மன் கணக்கு. இங்கே எழுதுவதற்குரியது அன்று. அவள் தந்தை நிமிர்ந்து நடந்து ஊர் திரும்பினார் என்பது மட்டும் இங்கே பதிவுக்குரியது.

கடலோரத் தலங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் பதிவு செய்யும் முன்பே சிலவற்றைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. லிப்ட் இயங்குகிறதா? அறை எத்தனையாவது மாடி? குளிப்பதற்கு நல்ல நீர் உண்டா? கடல் பார்த்த அறை என்றால் பால்கனியிலிருந்து தெரிகிறதா, சன்னல் வழியாகவா? கோயிலுக்கு முதியவர் நடக்க முடியுமா? கன்னியாகுமரியில் பருவத்திற்கேற்பக் கதிரவன் காலை 6 மணிக்கும் 6.45-க்கும் இடையே எழுவதால், மொட்டைமாடி எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். இவற்றுக்கு நேரான விடை தரும் விடுதியில் மற்றக் குறைகள் பெரும்பாலும் பொறுக்கக்கூடியவையாகவே இருக்கும்.

அதன் பிறகும் குறை இருக்கும். துருவையும் ஈரத்தையும் உவர்ப்பையும் கடலின் கணக்கில் எழுதிவிடலாம். அவற்றுக்காகப் பணியாளரைக் கடிந்துகொள்வது, காற்றைக் கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும். மனிதர் செய்த குறையை உரியவரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டும். அது அடுத்து வரும் யாத்திரிகருக்குச் செய்யும் தொண்டு. இவ்விரண்டிலும் சேராத குறைகள் வாழ்வில் சில உண்டு. யார் மீதும் எழுத முடியாத அவற்றை, பெற்ற பிள்ளையின் தலையில் மட்டும் எழுதிவிடலாகாது. குமரியன்னையின் சந்நிதி அத்தகைய குறைகளை இறக்கி வைப்பதற்கென்றே திறந்திருக்கிறது. கிழக்கு வாசல் அடைத்திருந்தாலும், வடக்கு வாசல் வழியாக அவளை அடையலாம்.